நடுவர் இல்லாத ஆட்டம் நம்ம பொட்டலுக்கும் வரட்டும்

காரைக்குடியில் நடந்த இளைஞரணிக் கூட்டத்தில் நமது மாவட்ட விளையாட்டுக் குழுப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்குற மண்ணுல நின்னுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன். சிரிக்கிறீங்க. சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுப் போங்க.

அல்டிமேட் ஃபிரிஸ்பீ. 1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உருவாக்கிய விளையாட்டு. அணிக்கு ஏழு பேர், 175 கிராம் தட்டு ஒண்ணு. தட்டைப் பிடிச்சவர் ஓடக்கூடாது. பத்து விநாடிக்குள்ள தன் ஆளுக்கு வீசணும். எதிர்ப்பக்கக் கடைசிப் பகுதிக்குள்ள நம்ம ஆள் பிடிச்சா ஒரு புள்ளி. கீழே விழுந்தா தட்டு எதிரணிக்கு. இதன் உலகக் கூட்டமைப்பை 2015-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக அங்கீகரித்தது.

விஷயம் அதுல இல்ல. இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. உலகப் போட்டியிலும் விசில் ஊதித் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்ல. இடிச்சவரே "ஆமா, தப்பு என்னுது"ன்னு சொல்லணும். ஒத்துக்கலைன்னா ரெண்டு பேரும் நின்னு பேசணும். முடிவு வரலைன்னா தட்டு வீசினவர் கைக்கே திரும்பும், ஆட்டம் தொடரும். முடிஞ்சதும் ரெண்டு அணியும் கலந்து, தோள்ல கை போட்டு வட்டமா நின்னு பேசுவாங்க. எதிரணி எவ்வளவு நியாயமா ஆடிச்சுன்னு இருபதுக்கு மார்க் போடுவாங்க. அதுக்குத் தனிப் பரிசே உண்டு. (நம்ம கிளைக் கூட்டத்துல தப்பு என்னுதுன்னு கடைசியா யார் சொன்னாங்க? சரி, அதை விடுங்க.)

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் பதினைந்து வருஷத்துக்கும் மேலா இதை ஆடுறாங்க. ஐ.டி. கம்பெனி ஊழியரும், குப்பத்துப் பிள்ளையும் ஒரே மணல்ல ஓடுறாங்க. அங்க வளர்ந்த ஃப்ளை வைல்ட் என்ற அணியைப் பற்றி '175 கிராம்ஸ்' என்று ஒரு குறும்படம் வந்தது. 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா வரை போனது. பெரிய ஸ்டேடியமோ, கோடி ரூபாயோ கொடுத்து வளர்ந்ததில்ல இது. ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிட்டு, கத்துக்கிட்டவர் அடுத்தவருக்குக் கத்துக்கொடுத்து வளர்ந்தது.

கலப்பு ஆட்டத்துல ஆணும் பெண்ணும் ஒரே அணி: நாலுக்கு மூணு, அல்லது மூணுக்கு நாலு. பெண்ணுக்குத் தட்டே கொடுக்காம ஆம்பளைங்களே வீசிக்கிட்டிருந்தா, எதிரணி சுலபமா மறிச்சிரும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எட்டாவது, ஒன்பதாவது போனதும் பெண் பிள்ளைகள் மைதானத்து ஓரத்துக்குப் போயிடுறாங்க. அப்புறம் அந்த ஓரத்துலயும் இல்ல. கிரிக்கெட் டீம் எப்படிப் பிரியுது? தெரு வாரியா. தெரு வாரியான்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். தட்டு வந்தா சாதி ஓடிப்போயிடும்னு சொல்ற அளவுக்கு நான் விவரம் கெட்டவன் இல்ல. ஆனா வேற தெருப் பையன்கிட்ட "தப்பு என்னுது"ன்னு சொல்லிப் பழகுறதுக்கு நம்ம பிள்ளைகளுக்கு வேற எந்த இடம் இருக்கு? சொல்லுங்க.

இடத்துக்குப் பஞ்சமில்ல. கோடையில் வத்துன கண்மாய் இருக்கு, பொட்டல் இருக்கு. கத்துக்கொடுக்க முன்வருவாங்களான்னு அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி மாணவர்களைப் போய்க் கேட்போம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆயிடுச்சு. பள்ளி மைதானங்களைச் சாயங்காலம் திறந்துவிட்டு விளக்குப் போடச் சொல்லி மனு கொடுப்போம். பல இடத்துல நாலரை மணிக்கே கேட்டுக்குப் பூட்டு விழுது. அந்தப் பூட்டுதான் நம்ம முதல் வேலை.

ஒவ்வொரு கிளையும் ரெண்டு தட்டு வாங்குங்க. பதினாலு பேர் பட்டியல் அனுப்புங்க, அதுல ஆறு பேராவது பெண் பிள்ளைகள் இருக்கணும். ஒரே தெருவுல இருந்து பதினாலு பேரும் வந்தா அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.