புயற்காலச் சேமிப்பும் பொருள் வரைதலும்

(தசலட்சணப் பர்வத்தின் ஒன்பதாம் நாள் ஆற்றிய உரை)



இன்று உத்தம ஆகிஞ்சன்ய தருமத்திற்குரிய நாள். எதுவும் எனதன்று என்னும் நிலையைச் சிந்திக்க வேண்டிய இந்நாளில், புயலுக்கு முன் வீட்டில் எதனை வாங்கி வைப்பது என்று பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஐப்பசி பிறக்க ஏறத்தாழ ஒரு திங்களே உள்ளது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் உள்ள நம் ஊர்கள் கடலைக் காணாவிடினும் புயலைக் கண்டவை. 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலை மறந்தவரில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் நகராது நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் கடைகளில் நிகழ்வதை அனைவரும் அறிவோம். வசதியுள்ளவர் ஒரு மூட்டைக்கு இரண்டாக எடுத்துச் செல்வர். அன்றாடக் கூலி பெற்று மாலையில் அரிசி வாங்குபவர் வரும்போது விலை ஏறியிருக்கும், அல்லது பொருளே இராது. சிராவகர்க்கு விதிக்கப்பட்டது முற்றத் துறவன்று, அளவு. அவ்வளவை அச்சம் வருவதற்கு முன்பே வரைந்துகொள்ள வேண்டும். வானொலியில் எச்சரிக்கை ஒலிக்கும் வேளையில் எவர்க்கும் அளவு தெரியாது. குடும்பத்திற்கு ஏழு நாள் உணவு என்பது என் கணக்கு.

மிகையாகச் சேர்ப்பதில் நமக்கு வேறொரு தடையும் உண்டு. ஈரக்காற்றில் தேங்கிய தானியத்தில் வண்டும் புழுவும் தோன்றும். பின்னர் அதனைப் புடைத்தாலும் கொட்டினாலும் உயிர்க்கொலையே. ஆகவே புரட்டாசி வெயிலிலேயே பருப்பையும் பயற்றையும் காயவைத்து, வேப்பிலை இட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் மாவுக்கு மூன்று நாளே வரம்பு என்பதைத் தாய்மார்கள் அறிவர். மின்சாரம் இன்றேல் மாவு ஆலையும் ஓடாது. எனவே கோதுமை மாவை நம்பாமல் அரிசி, அவல், பொட்டுக்கடலை இவற்றை வைத்துக்கொள்வதே நன்று.

நீரே பெருஞ்சிக்கல். வடிகட்டிய நீர்க்கு 48 நிமிடமே. கொதிக்கவைத்ததற்கு 24 மணி நேரம். ஆதலால் குடிநீரைப் பல நாளுக்குச் சேர்த்து வைக்க இயலாது. மோட்டார் நிற்கும் முன் தொட்டியையும் குடங்களையும் நிரப்பி மூடிவைத்து, நாள்தோறும் இரட்டைத் துணியில் வடித்துக் காய்ச்ச வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரை நோன்பில்லாதவரும் காய்ச்சாமல் பருகலாகாது. இதற்கு நிறைந்த எரிவாயு உருளை ஒன்று கட்டாயம் தேவை. அரிசி மூட்டையை விட அதுவே முதலில்.

இரவுண்ணாமை நோற்கும் வீட்டில் மெழுகுவத்தி ஒன்று குறைவாகவே போதும் என்பர்; உண்மையே. எனினும் நண்பகலிலேயே இருட்டிவிடும் நாளில், வெளிச்சம் பார்த்து உண்ணும் முதியோர் ஒருவேளையும் உண்ணாது கிடப்பர். அவர்கள் வீட்டு அடுப்பு காலையிலேயே எரிய வேண்டும்.

தனித்து வாழும் அத்தகைய முதியோர் எந்தெந்தத் தெருவில் உள்ளனர், அவர்கள் உண்ணும் மருந்து யாது, எவர் சென்று பார்ப்பது என்னும் பட்டியலை ஐப்பசிக்கு முன் ஆலய அலுவலகத்தில் எழுதி வைப்போம். பொதுவாகச் சேர்க்கும் அரிசியில் நம் நிலங்களில் உழைக்கும் குடும்பங்களின் பங்கும் அப்பட்டியலிலேயே குறிக்கப்படட்டும். பெயர் தர விரும்புவோர் பூசை முடிந்தபின் இங்கேயே தரலாம்.