எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"பிள்ளைகளை எம்.எல்.ஏ. ஆபீசுக்குக் கூட்டிப் போனீங்களே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிடறேன்.

விஷயம் பஸ்ஸுதான். எங்க ஊர்ல எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதுக்கு மேல படிக்க ஏழு கிலோமீட்டர் போகணும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டா ஏழரைக்குத்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடியவே அஞ்சரை ஆயிடும். அப்புறம் ரெண்டு மணி நேரம் ரோட்டோரம் நிக்கணும். டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு 2021லயே ஆயிடுச்சு. டிக்கெட் இல்லாட்டியும் பஸ்ஸுன்னு ஒன்னு வந்தாத்தானே ஏற முடியும்? எங்க குழுவில ஒரு அக்கா, "பத்தாவதோட மகளை நிறுத்திடறேன், நூல் மில்லுக்குப் போகட்டும். பொழுது சாஞ்சு வீடு வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்க முடியலை"ன்னு கூட்டத்துலயே சொல்லிட்டாங்க. அந்தப் பிள்ளை நல்லாப் படிக்கிற பிள்ளை. எங்களுக்கு மனசே கேக்கலை.

மனு எழுதலாம்னு முடிவாச்சு. யார் எழுதறதுன்னு வந்தப்ப, "பஸ்ஸுல போறது அதுங்கதானே, அதுங்களே எழுதட்டும், அதுங்களே குடுக்கட்டும், நாம பின்னால நிப்போம்"னு ஒரு வயசான அம்மா சொன்னாங்க. எனக்கு அது சரின்னு பட்டுது. கேரளாவில நம்மளை மாதிரியே குடும்பஸ்ரீன்னு மகளிர் குழுக்கள் 1998ல இருந்து இருக்கு. அந்தக் குழு அம்மாங்களோட பிள்ளைகளுக்குப் பாலசபைன்னு தனியா ஒரு அமைப்பு. பிள்ளைகளே கூடிப் பேசி, தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஊர்க் குறையைப் பெரியவங்க கிட்டக் கொண்டு போறாங்க. நம்ம கன்னியாகுமரிப் பக்கமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து குழந்தைகள் பாராளுமன்றம்னு நடத்தியிருக்காங்க. அதுங்க செய்யறப்ப நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் வாயில்லையா?

ரெண்டு ஞாயித்துக்கிழமை சமுதாயக்கூடத்துல உட்கார்ந்தோம். 14 பிள்ளைகள் வந்துச்சு. முதல்ல எந்த வேலை யாரோடதுன்னு பேசினோம். தெருவிளக்கு, குடிதண்ணி, சாக்கடைன்னா ஊராட்சி. அதைக் கேக்க கிராம சபை இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு நாள். எம்.எல்.ஏ. எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை. "கல்யாணத்துக்கு வருவார்"னு ஒரு பையன் சொன்னான். அதுவும் பொய்யில்லை, சிரிச்சுட்டோம்.

அப்புறம் முட்டையை வெச்சுச் சொன்னேன். நாமக்கல்காரங்களுக்கு முட்டையை வெச்சுச் சொன்னாத்தானே புரியும்! சத்துணவுல தட்டுல முட்டை விழுதுல்ல, அதுக்கு ஒவ்வொரு வருஷமும் பணம் ஒதுக்கணும். சென்னைக் கோட்டையில 234 பேர் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பேசி, சரின்னு கை தூக்கினாத்தான் பணம் வரும். அதுல நம்ம மாவட்டத்துக்கு ஆறு பேர்: ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்திவேலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம். அந்த ஆறுல ஒருத்தர் நம்ம ஆள். நமக்காகக் கேள்வி கேக்கத்தான் அவரை அனுப்பியிருக்கோம். இதைச் சொன்னதும் ஒரு அம்மணி, "அப்ப நாம போறது கெஞ்சறதுக்கில்லை"ன்னுச்சு. அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

பழைய கதையும் கொஞ்சம் சொன்னேன். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன் 1926ல இருந்து 1930 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்கே முதல் மந்திரியா இருந்தவர். அவர் காலத்துலதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள்ள போன முதல் பெண்ணா இருந்து, கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடற வழக்கத்தை ஒழிக்கணும்னு பேசினாங்க. சுப்பராயனோட மனைவி ராதாபாய் 1938ல டெல்லி மேல்சபைக்கு ஜெயிச்ச முதல் பெண். அவங்க மகள் பார்வதி கிருஷ்ணன் பிற்பாடு கோயமுத்தூர்ல எம்.பி. நம்ம பக்கத்து ஊர் வீட்டுல இருந்து அத்தனை பெண்கள் போயிருக்காங்க. ஜமீன் வீடு வேற, நம்ம வீடு வேறதான். ஆனாலும் அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஓட்டே கிடையாது, இன்னைக்கு எல்லாருக்கும் இருக்கு.

போறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள ரெண்டு பேச்சு வந்துச்சு. "அவங்க கட்சி ஆபீசுக்கு எங்க பிள்ளையை ஏன் கூட்டிப் போறீங்க"ன்னு சிலர் கேட்டாங்க. ஓட்டுப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் சேர்த்துத்தான் அவர் எம்.எல்.ஏ.ன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னோம். ரெண்டாவது, சால்வை. தலைக்கு இருபது ரூபா போட்டுச் சால்வை வாங்கலாம்னாங்க. வேண்டவே வேண்டாம்னு நான் நின்னேன். சால்வை போட்டா போட்டோ எடுப்பாங்க, போட்டோ எடுத்ததும் வேலை முடிஞ்ச மாதிரி ஆயிடும். அந்தப் பணத்துல மனுவை மூணு நகல் எடுத்து, ஒரு நோட்டு வாங்கினோம்.

முதல் தடவை போனப்ப அவர் இல்லை. சட்டசபை நடக்குது, சென்னையில இருக்காருன்னாங்க. உதவியாளர் மனுவை வாங்கிட்டார். நகல்ல தேதி போட்டுக் கையெழுத்து கேட்டதும் ஒரு மாதிரி பார்த்தார், போட்டுக் குடுத்தார். பிள்ளைகளுக்கு மூஞ்சி வாடிப் போச்சு. எனக்கென்னமோ அது நல்லதுக்குன்னே தோணுச்சு. முதல் தடவை போறதுக்கு எல்லாரும் வருவாங்க, புதுச்சட்டை போட்டுட்டுக் கூட வருவாங்க. ரெண்டாவது தடவை போறதைத்தான் சொல்லிக் குடுக்கணும்.

ரெண்டாவது தடவை ஒரு சனிக்கிழமை, 9 பேர்தான் வந்துச்சு. அவரைப் பார்த்தோம். மரியாதையா உட்கார வெச்சார். பஸ் நேரத்தை மாத்தறது போக்குவரத்து அதிகாரிங்க கையில இருக்கு, பேசறேன்னார். அப்புறம், தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கு, வேணும்னா பஸ் ஸ்டாப்புல நிழற்குடை கட்டித் தரட்டுமான்னார். வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் அவருக்கு அந்த நிதி உண்டுங்க. நாங்க பெரியவங்க தலையாட்டிட்டோம். அந்த மில்லுக்கு அனுப்பறதா இருந்த பிள்ளைதான் எந்திரிச்சு, "நிழற்குடை கட்டினா உட்கார்ந்து காத்திருப்போங்க சார். பஸ் வந்தா காத்திருக்கவே வேண்டாமுங்களே"ன்னுச்சு. அவர் சிரிச்சுட்டார். "பதில் எப்ப தெரியும்?"னு இன்னொரு பையன் கேட்டான். ஒரு மாசம்னார். அந்தத் தேதியை நோட்டுல அவர் எதிர்லயே எழுதினான்.

ஒரு மாசத்துல ஒன்னும் நடக்கலை. மூணாவது தடவை போனோம். கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு நாள்லயும் ஒரு நகல் குடுத்து ரசீது வாங்கினோம். சட்டசபையில மனுக்கள் குழுன்னே ஒன்னு இருக்கு, மாவட்டத்துக்கு நேர்ல வந்து விசாரிப்பாங்க; தேவைப்பட்டா அதுக்கும் எழுதலாம்னு பிள்ளைகள் நோட்டுல குறிச்சு வெச்சிருக்கு.

இப்ப அஞ்சே முக்காலுக்கு ஒரு பஸ் விடறாங்க. தினமும் வர்றதில்லை. போன மாசம் ஆறு நாள் வரலை. ஆறு தேதியும் நோட்டுல இருக்கு. அந்த அக்கா மகள் பதினொன்னாவது சேர்ந்திருக்கா. "இந்த வருஷம் பார்ப்போம்"னுதான் அக்கா சொல்லியிருக்காங்க, பன்னெண்டாவதுக்கு இன்னும் வாக்குக் குடுக்கலை. பஸ் ஒழுங்கா வந்தாத்தான் அவங்களுக்கும் நிம்மதி.

அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை அந்த ஆறு தேதியோட மறுபடி போறோம். வேன்ல இடம் இருக்கு. பக்கத்து ஊர்க் குழுவில பஸ் பிரச்சனையோ, பள்ளிக்கூடப் பிரச்சனையோ இருந்தா, மனுவைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. மூணு நகல் எடுத்துட்டு வாங்க. சால்வை வேண்டாமுங்க.