ஆள் எனப்படுவது எது?

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிற் செல்வோர், கடைப் பலகைகள் பலவற்றிலே 'பிரைவேட் லிமிடெட்' என்னும் சொற்களைக் காண்பர். அச்சொற்களைத் தாங்கிய கம்பனி, சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள். அதற்குச் சொத்துண்டு, கடனுண்டு, வழக்குத் தொடுக்கவும் வழக்கிற் சிக்கவும் அதனால் இயலும். கம்பனி வேறு, அதனை நடத்துபவர் வேறு என்பதை, சலமன் என்பாரது வழக்கில், 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. ஆயினும் கடன் வழங்கும் வங்கி கம்பனியின் முத்திரையோடு அமைவதில்லை; பணிப்பாளரின் சொந்தப் பிணையையும் கேட்கிறது. சட்டம் கற்பித்த ஆளுக்குக் கைகால் இல்லை என்பதை வணிக உலகம் நன்கறியும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இத்தகைய ஆள்தகுதி வழங்கலாமா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. இயந்திரம் எவ்வாறு ஆளாகும் என நாம் நகைத்துவிட இயலாது. தெய்வத் திருமேனி சட்டமுறை ஆள் என்பதை 1925ஆம் ஆண்டு இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஏற்றது. அத்தெய்வத்தின் நலனை, தன்னலமற்ற ஒருவர் வாயிலாகக் கேட்டறிதல் வேண்டும் என்றும் கூறியது. தஞ்சைப் பகுதியில் உள்ள பத்தூரின் மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் கடல் கடந்த நடராசர் செப்புத் திருமேனிக்காக, இடிந்து கிடந்த கோயிலின் சார்பிலே தக்கார் இலண்டனில் வழக்காடினார். எதிர்நின்றது ஒரு கனேடியக் கம்பனி. 1991இல் கோயிலே வென்றது. (ஊனும் உதிரமும் அற்ற இரு ஆட்கள் பொருதிய வழக்கு அது!) அங்கே ஆள்தகுதி, களவுபோன பொருளை மீட்க உதவிற்று.

இயந்திரத்துக்கு அதனைக் கேட்போரின் நோக்கம் அதுதானா? கனடாவிலே, ஏயர் கனடா நிறுவனத்தின் இணையத்தள உரையாடற் பொறி, துக்கப் பயணத்துக்குரிய கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குப் பிழையான தகவல் தந்தது. நட்டஈடு கேட்டபோது, தன் பொறியின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என நிறுவனம் வாதிட்டது. அப்பொறியைத் தனியோர் ஆளெனக் கருதுவது போன்ற அவ்வாதத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் தள்ளியது. ஈண்டு ஆள்தகுதி, உடைமையாளர் மறைந்துகொள்ளும் திரையாகவே பயன்பட்டிருக்கும்.

தானே கற்கும் பொறியின் செயலை ஆக்கியோரும் முன்னறிய இயலாது. ஆகவே அதனையே ஆளாக்கி, அதன் பெயரில் காப்புறுதி வைக்கலாம் என்பர் சிலர். 2017இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 'மின்னணு ஆள்' என்னும் நிலையை ஆராயுமாறு கேட்டது, அது சட்டமாகவில்லை. காப்புறுதிக்கு ஆள்தகுதி எதற்கு? புறக்கோட்டையில் ஓடும் முச்சக்கரவண்டி ஒவ்வொன்றுக்கும் காப்புறுதி கட்டாயம். அதனால் முச்சக்கரவண்டி ஆளாகிவிடவில்லை.

நாளை மொத்தக் கடையொன்றின் கணினி, ஐந்து தொன் பருப்புக்குப் பதிலாக ஐம்பது தொன்னுக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது என வைத்துக்கொள்வோம். கொள்கலன்கள் துறைமுகத்தில் வந்து நிற்கின்றன. விற்றவர் எவரிடம் பணம் கேட்பது? சுமை கூலிக்கு மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு எவர் கூலி கொடுப்பது? கணினி தனி ஆளாயின், அதன் பையில் ஒரு சதமும் இராது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டத்தின் போக்கோ வேறு: ஒருவர் தம் பொருட்டுத் தானாக இயங்குமாறு அமைத்த பொறி அனுப்பிய செய்தி, அவர் அனுப்பிய செய்தியே. பருப்புக்குப் பணம் கட்டவேண்டியவர் கடைக்காரர்.