ஐயனார் காத்த காடு

காடு பார்க்க வேண்டுமென்றால் வேன் பிடித்து வால்பாறைக்குக் கிளம்பிவிடுகிறோம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில்காடுகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இவை உலர் பசுமைமாறாக் காடுகள். ஆண்டில் சில மாதங்களே மழை. ஆனாலும் கோடையிலும் பச்சை போகாது. வீரை, காசா மர இலைகளைத் தொட்டுப் பாருங்கள், தோல்போலத் தடித்திருக்கும். உள்ளிருக்கும் ஈரத்தை அந்தத் தடிப்புதான் காக்கிறது. இங்கே கிடைக்கும் பாலைப்பழம் தின்றால் உதட்டில் பால் பிசுபிசுவென ஒட்டும்.

ஐயனார் கோயில்காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இந்தக் காடுகள் பிழைத்ததற்கு ஐயனார் மேலுள்ள பயபக்தி பெரிய காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். நமணசமுத்திரத்தில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அப்படியே நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரக் கோயிலின் வட்டக் கருவறையைக் காட்டுங்கள். சித்தன்னவாசல் குகைக் கூரையில் 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியம். அதில் மீனும் யானையும் இருக்கின்றன, பூப்பறிக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

காட்டுக்குள் பிளாஸ்டிக் வேண்டாம். வழிகாட்ட ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் பேரைச் சொல்லிக் கொடுத்தால், அதை வெட்ட வருபவரைத் தடுக்க நாளை அந்தப் பிள்ளையே முன்னால் நிற்கும்.