கூரையில் ஓர் ஓட்டை



கூரை ஒழுகக்கூடாது என்பதற்காக எவ்வளவோ செலவு செய்கிறோம். அதே கூரையில் அளவெடுத்து, ஆள் வைத்து, வேண்டுமென்றே ஓட்டை போடுகிற வேலை ஒன்று இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் எந்த நகரத்தின் வெளிப்புறத்துக்குப் போனாலும் ஒற்றைத் தளத்தில் பரந்து கிடக்கும் பெரிய கடைகள் இருக்கும். மளிகையிலிருந்து மரச்சாமான் வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கடைக்குள் எங்கே தேடினாலும் ஏ.சி. இயந்திரம் கண்ணில் படாது. விமானம் தாழ்வாக வந்து இறங்கும்போது சன்னல் வழியே பார்த்தால் தெரியும்: தட்டையான கூரையின் மேல் வரிசையாகச் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒரு கடைக்குப் பத்து, பதினைந்துகூட இருக்கும். காற்று கீழே இறங்கவும் திரும்பி மேலேறவும் அந்த ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் கூரை வெட்டப்பட்டிருக்கிறது.

ஏன் கூரைக்கு ஏற்றுகிறார்கள்? கடைக்காரருக்குத் தரை முழுக்கக் காசு. ஒரு மூலையை இயந்திர அறைக்கு விட்டால் அந்த அளவுக்கு வியாபாரம் போச்சு. பழுது பார்க்க வருகிறவர் வாடிக்கையாளர் நடுவில் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒரு பெட்டி நின்றுபோனால் கடையின் ஒரு பகுதி மட்டும் புழுங்கும், மற்ற பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குள் ஒரு பெரிய விசிறி, காற்றைக் குளிர்விக்கும் காயில், தூசியைப் பிடிக்கும் ஃபில்டர். குளிர்ந்த நீர் வேறெங்கோ உள்ள சில்லரிலிருந்து குழாயில் வந்தால் அதை ஏர் ஹேண்ட்லிங் யூனிட் என்பார்கள். கம்ப்ரஸரும் அதே பெட்டிக்குள் இருந்தால் பேக்கேஜ் யூனிட். கூரையில் உட்கார வைக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதில் வருகிற டன் கணக்கை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். வீட்டுக்கு ஏ.சி. வாங்கும்போது ஒன்றரை டன் என்று கேட்கிறோமே, அது எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ, அந்த அளவு. பனிக்கட்டியை வண்டியில் ஏற்றி விற்ற காலத்துக் கணக்கு இன்றும் நிற்கிறது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆக 20 டன் பெட்டி ஒன்று நிமிடத்துக்கு 8,000 கன அடி காற்றைத் தள்ளுகிறது. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறைகள் எட்டில் உள்ள மொத்தக் காற்று, ஒரே நிமிடத்தில். அந்தப் பெட்டியின் எடையும் ஏறக்குறைய ஒரு டன் வரும். இது தராசு டன்.

இவ்வளவு எடையும் இவ்வளவு காற்றும் ஒரு தகரச் சட்டத்தின் மேல் நிற்கின்றன. அதற்கு ரூஃப் கர்ப் என்று பெயர். துத்தநாகம் பூசிய தகட்டை மடித்துச் செய்த செவ்வகச் சட்டம். நான்கு பக்கமும் சுவர், மேலும் கீழும் திறப்பு. விலையைப் பார்த்தால் இயந்திரத்தோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு மலிவு. ஆனால் கூரைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே எது கெட்டாலும் கெடுவது இந்தச் சட்டத்தில்தான்.

அதன் உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 14 அங்குலம். ஏன் இவ்வளவு என்று தோன்றும். அந்த ஊர்க் கடைக்கூரை கான்கிரீட் இல்லை. எஃகு உத்தரங்களுக்குக் குறுக்கே ஜாயிஸ்ட் எனப்படும் கம்பிச் சட்டங்கள், அவற்றின் மேல் நெளிவுத் தகடு, அதன் மேல் வெப்பம் தடுக்கும் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. கர்ப் உட்காருவது கீழே, எஃகின் மேல். வெப்பத்தடுப்புப் பலகை ஆறு அங்குலம் என்றால், 14-இல் ஆறு புதைந்துபோகும். மிச்சம் எட்டு. கூரைப் பரப்புக்கு மேல் குறைந்தது எட்டு அங்குலம் நிற்க வேண்டும் என்பது கூரை வேலைக்காரர்களின் பொது விதி; மழை தேங்கினாலும் பனி குவிந்தாலும் தண்ணீர் விளிம்பைத் தாண்டக்கூடாது. பல ஆண்டுகள் கழித்துப் பழைய கூரைக்கு மேலேயே புதுக்கூரை போடுகிறார்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பலகையைத் தடிமனாக்குகிறார்கள். எட்டு அங்குலம் ஐந்தாகிறது, நான்காகிறது. கர்ப்பை யாரும் உயர்த்துவதில்லை. ஒரு நல்ல மழையில் கணக்கு வெளியே வந்துவிடும்.

கூரை விரிப்பைக் கர்ப்பின் சுவரில் ஏற்றி ஒட்டி, மேல் விளிம்பில் உள்ள மரச்சட்டத்தில் ஆணி அடித்து நிறுத்துவார்கள். இயந்திரத்தின் அடிப்பகுதி விளிம்பு அதற்கு வெளியே கீழிறங்கித் தொங்கும். நம் வீட்டுச் சம்புடத்தின் மூடி வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து உட்காருகிறதே, அந்த வகை. மேலே விழும் மழை மூடியின் விளிம்பிலிருந்து வெளியே சொட்டிவிடும், உள்ளே போகாது. கர்ப் அகலமாக இருந்தால் கூரைச் சரிவில் ஓடி வரும் தண்ணீர் அதன் மேற்பக்கச் சுவரில் மோதி நின்றுவிடும். அதற்காக அந்தப் பக்கம் முக்கோண முகடு ஒன்று கட்டித் தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்து விடுவார்கள். சிக்கனம் பார்க்கிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த முகட்டைத்தான்.

ஓட்டை வெட்டிய பிறகு இயந்திரம் வந்து சேரச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பலகை போட்டு மூடி, அது நகராதபடி இறுக்கி, அது ஓட்டையின் மூடி என்று மேலே எழுதியோ நிறத்தால் அடையாளமிட்டோ வைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பார்ப்பதற்கு அற்ப விதி. விபத்து எப்படி நடக்கிறது தெரியுமா? கூரையில் அனாதையாகக் கிடக்கும் ஒரு பலகையை, குப்பை என்று நினைத்து, ஒருவர் இரண்டு கையாலும் தூக்குகிறார். பலகை அவர் கண்ணை மறைக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னே வைக்கிறார்.

இனி கிரேன் வருகிற நாள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கடை திறக்கும் முன். கிரேனின் பக்கவாட்டுக் கால்களை விரித்து, அடியில் கனத்த மரப் பலகைகளை அடுக்குவார்கள். வாகன நிறுத்தத்தின் தார்த் தரை அந்தப் பாரத்தைத் தனியாகத் தாங்காது. 50 டன் கிரேன் என்று பெயர் இருந்தால் 50 டன் தூக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. கை நீள நீளத் தூக்கும் திறன் சரசரவென்று இறங்கும். கூரையின் நடுவில் உள்ள கர்ப் கிரேனுக்கு எட்டாக் கையில் இருக்கும். ஒரு டன் பெட்டிக்கு இவ்வளவு பெரிய கிரேன் எதற்கு என்ற கேள்விக்கு அதுதான் பதில். கிரேன் எட்டவே எட்டாத இடங்களில் ஹெலிகாப்டர் கொண்டு தூக்குவதும் உண்டு. அதற்கு அரசின் விமானப் போக்குவரத்துத் துறையிடம் திட்டம் கொடுத்து அனுமதி வாங்கி, சுமை பறக்கும் பாதையில் ஆள் இல்லாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

பெட்டியின் நாலு முனையிலும் பெல்ட் மாட்டி நேரே கொக்கியில் கோத்தால், பெல்ட் இறுகித் தகட்டுச் சுவரை நசுக்கிவிடும். அதனால் மேலே குறுக்குக் கம்பி கொடுத்து பெல்ட்டுகள் செங்குத்தாகத் தொங்கும்படி செய்வார்கள். இரண்டு முனையில் நீளக் கயிறு. காற்றில் பெட்டி சுழலாமல் பிடித்துக்கொள்ள. கிரேன் ஓட்டுநருக்குக் கூரைப் பரப்பு தெரியாது. விளிம்பில் நிற்கும் ஒருவரின் கைதான் அவருக்குக் கண். சுட்டுவிரலை மேலே காட்டிச் சிறு வட்டம் போட்டால் தூக்கு. கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டிப் பக்கவாட்டில் வீசினால் நிறுத்து. மற்ற சைகைகளை அந்த ஒருவர் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து என்பதை அங்கே நிற்கிற எவரும் காட்டலாம், ஓட்டுநர் உடனே கட்டுப்பட வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் அலுவலகங்களுக்கும் கொண்டு வரலாம்.

கர்ப்பின் மேல் விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டியிருக்கும், கேஸ்கெட் என்பார்கள். நாலு மூலையிலும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். பெட்டி ஓரிரு அங்குல உயரத்தில் வந்து நின்றதும் இரு பக்கமும் குனிந்து பார்த்து, சரியென்றால் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்துவிட்டது, கடப்பாரை போட்டு நெம்பிவிடலாம் என்று ஆரம்பித்தால் அடியில் கேஸ்கெட் சுருண்டு கிழியும். மறுபடி தூக்கி வைப்பதுதான் வழி. கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பல இடங்களில் நெம்பித்தான் விடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு கேஸ்கெட்டை யாராலும் பார்க்க முடியாது. குளிர்ந்த காற்று கீழே போகாமல், பக்கத்திலேயே திரும்பி வரும் காற்றோடு கலந்து வீணாகும். கடைக்காரர் ஏ.சி. சரியில்லை என்று இயந்திரக் கம்பெனியைத் திட்டுவார்.

இதே மாதிரி இன்னொரு பழி மாற்றம் உண்டு. குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராக வடியும். ஈரப்பதம் உள்ள ஊரில் மணிக்குப் பல லிட்டர். அதைத் தட்டில் பிடித்துக் குழாயில் வெளியே விடுவார்கள். விசிறி காற்றை உறிஞ்சுகிற பக்கத்தில் அந்தத் தட்டு இருப்பதால், குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும், தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிடும். குழாயில் யூ வடிவ வளைவு வைத்து அதில் தண்ணீர் தேங்க விட்டால்தான் காற்று அடைபடும், தண்ணீர் வடியும். வளைவில்லாத இடத்தில் தட்டு நிரம்பி, டக்ட் எனப்படும் காற்றுப் பாதை வழியாகக் கடைக்குள் சொட்டும். கடையின் உட்கூரைப் பலகையில் பழுப்பு வட்டம் விழுந்ததும் கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரைக் கூப்பிடுவார்கள். கர்ப் மட்டம் தப்பிச் சாய்ந்திருந்தாலும் இதே கதி. ஒழுகல் மழை நாளிலா, வெயில் நாளிலா என்று குறித்து வைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இனி வெளியே வீசும் காற்றுக்கு வருகிறேன். ஒரு டன் எடையுள்ள பெட்டி எங்கே போய்விடும் என்று நினைத்துச் சில திருகாணிகளோடு விட்டுவிடுவார்கள். 2004-இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய சார்லி புயலுக்கும், 2005-இல் கத்ரீனாவுக்கும் பிறகு, ஃபெமா என்ற கூட்டரசுப் பேரிடர் அமைப்பின் பொறியாளர்கள் கூரை கூரையாக ஏறிப் பார்த்தார்கள். கர்ப் மட்டும் நிற்கிறது, மேலே இயந்திரம் இல்லை. பெட்டி பறந்த இடத்தில் கூரை திறந்து கிடக்க, மழை நேரே கட்டடத்துக்குள் கொட்டியிருக்கிறது. பறந்த பெட்டியும் அதன் கதவுத் தகடுகளும் போகிற வழியில் கூரை விரிப்பைக் கிழித்திருக்கின்றன. கர்ப்பை எஃகுச் சட்டத்தோடும், பெட்டியைக் கர்ப்போடும் தனித்தனியே கணக்கிட்டுக் கட்ட வேண்டும் என்று அதன் பிறகு வந்த வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்தக் கணக்கு சென்னைக்கும் பொருந்தும். நம் ஜவுளிக்கடை, மருத்துவமனை, கல்யாண மண்டப மாடிகளிலும் இந்தப் பெட்டிகள் நிற்கின்றன. இந்தியத் தர விதி சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் காற்று சுமார் 150 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரப் பக்கம் என்றால் 900 கிலோ. உயரமான மாடியில் இதற்கும் கூடுதல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

நம் மொட்டை மாடி கான்கிரீட் என்பதால் தகரக் கர்ப்புக்குப் பதில் கான்கிரீட் பீடம் போடுகிறோம். டக்ட் இறங்கும் இடத்தைச் சுற்றிக் கட்டைச்சுவர் எழுப்புகிறோம். தப்பு நடப்பது வரிசையில்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்து, வெதரிங் கோர்ஸ் முடிந்த பிறகு ஏ.சி.க்காரர் வந்து, அதைக் கொத்திப் போல்ட் இறக்குவார். பீடம் தளத்தோடு சேர்ந்து முதலில் எழ வேண்டும். தட்டோடு அதன் கழுத்து வரை வந்து வளைந்து ஏற வேண்டும். தளம் ஒரு ஒப்பந்தக்காரர், தட்டோடு இன்னொருவர், இயந்திரம் மூன்றாமவர் என்று பிரிந்து கிடப்பதால் சந்திக்கிற இடம் யாருடையதும் இல்லாமல் போகிறது. கிரேன் வருவதற்கு முந்தின நாள் மூவரையும் மாடியில் நிற்க வைத்து, பீடத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டிக் காட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஒன்று கூடுதலாகக் கேட்டு வையுங்கள். இயந்திரம் 15, 20 வருடம் ஓடும். அதற்குள் ஒரு முறையாவது தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டி வரும். அப்போது கொத்தனாரின் கரணையும் கையும் பெட்டிக்கு அடியில் தாராளமாகப் போய் வருகிற அளவுக்குப் பீடம் உயரமாக இருக்க வேண்டும். அந்த உயரத்தை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.