கடைக் கணக்கும் சந்தைக் கணக்கும்

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசியே பழகியவர்கள் நாங்கள். இன்று சம்பளம் கைக்கு வந்த பிறகு அது போகிற வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சென்ற மாதம் இந்த லயத்து வீடுகளில் ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் ஒரே குறைதான். சாமான் விலை தாங்கவில்லை! "பட்டணத்தில் வாரந்தோறும் பாசார் தானி கூடுகிறதே, அங்கே காய்கறி மலிவாமே, போகக்கூடாதா?" என்று கேட்டோம். ஓர் அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு 555 நோட்டை எடுத்து வந்து எங்கள் கையில் கொடுத்தார். "இது இருக்கும்போது எங்கே போவது, ஐயா?" என்றார். அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லவே இன்று இங்கே நிற்கிறோம்.

விலை ஏறியது கடைக்காரர் ஒருவருடைய பேராசையால் மட்டும் அல்ல. நம் வீட்டு உலையில் வேகிற பொன்னி அரிசி இந்தியாவிலிருந்து வருவது. 2023 ஜூலையில் இந்திய அரசாங்கம் வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவிகிதம் ஏற்றுமதி வரி போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குத் தாவியது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை வந்தது. வெங்காயம் இல்லாமல் நம் வீட்டில் என்ன குழம்பு வைப்பது? அதற்கு முந்திய மாதம், 2023 நவம்பர் முதல் தேதியன்று, கோழிக்கு அரசாங்கம் கட்டியிருந்த விலையும் கொடுத்து வந்த உதவித்தொகையும் நின்றன. முட்டைக்குக் கொடுத்து வந்ததும் 2025 ஆகஸ்டில் நின்றது.

குறைந்தபட்சச் சம்பளம் ஏறவில்லையா என்று கேட்பீர்கள். ஏறியது. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி. தொழிலாளர் கேட்டுக் கேட்டுப் பெற்ற உயர்வு அது. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளியின் வரும்படி காகிதத்தில் எழுதியபடியா வருகிறது? விடியற்காலை மழை பிடித்தால் கத்தியை எடுக்க முடியாது. அதிகப்படி பாலுக்குக் கிடைக்கும் காசு அன்றைக்குப் போயிற்று. ஆண்டு முடிவில் மழை கொட்டும் அதே வாரங்களில்தான் கேமரன் மலைக் காய்கறியும் விலை ஏறுகிறது. மழை விட்டதும் மரம் இலை உதிர்த்துப் பாலைக் குறைத்துவிடும். வரவு குறையும் மாதத்திலே செலவு கூடுகிறது. அந்த இடைவெளியிலேதான் 555 நோட்டு நம் வீட்டுக்குள் நுழைகிறது. கிராணிமார்களே, உங்களுக்கு மழைக்கணக்கு இல்லை என்றாலும் நோட்டு உங்கள் வீட்டிலும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். முகம் திருப்பிக்கொள்ள வேண்டாம்!

கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரரை நாங்கள் வைவதற்கு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்து பால் டின் கொடுக்கிறவர் அவர்தான். பட்டணத்துப் பேரங்காடியில் அது நடக்காது. ஆனால் கடன்காரனுக்கு விலை கேட்க வாய் இல்லை. அதுதான் நாங்கள் கண்ட உண்மை. அரசாங்கம் கிலோ 2 வெள்ளி 50 காசு என்று விலை கட்டியிருக்கும் பாக்கெட் எண்ணெயைக் கேட்டால், "தீர்ந்துவிட்டது, பாட்டில்தான் இருக்கிறது" என்பார்கள். ரொக்கக்காரன் அடுத்த கடைக்கு நடப்பான். நோட்டுக்காரன் பாட்டிலை வாங்கிக்கொண்டு வருவான். சாமானில் ஏறுகிற காசு போதாதென்று, நோட்டில் எழுதுகிறபோது சில கடைகளில் ஒன்றிரண்டு காசு சேர்ந்தும் விடுகிறது. வீட்டில் ஒரு நோட்டு, கடையில் ஒரு நோட்டு என்று இரண்டு வைத்து இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழைய காலத்தில் கங்காணியே கடை வைத்தான். ஆள் கூலியும் அவன் கையில், அரிசி மூட்டையும் அவன் கையில். சம்பள நாளன்று கணக்குத் தீர்ந்து வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. தொழிலாளி தன் சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால் அது செல்லாது. சட்டம் கட்டை அவிழ்த்துவிட்டது. ஆனால் நோட்டு மறுபடியும் கட்டுகிறதே, அதைச் சட்டம் அவிழ்க்காது.

இனி சந்தைக்கு வருவோம். பாசார் தானி 1985-இல் பாமா என்னும் அரசாங்க வாரியம் தொடங்கியது. விளைவித்தவரே நேரில் விற்றால் தரகர் பங்கு மிச்சமாகும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆயினும் அங்கே நிற்கிறவர் எல்லாரும் மண்வெட்டி பிடித்தவர் என்று நம்பிவிடாதீர்கள். கங்கோங், சாவி, பயத்தங்காய், வாழைப்பழம், மரவள்ளி இவை பக்கத்துக் கம்பத்தில் விளைபவை. இவற்றில் மலிவு தெரியும். மீனும் பல இடங்களில் நன்றாக இருக்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு அப்படியல்ல. அவையும் கடைக்கு வருகிற அதே மொத்த வியாபாரியிடமிருந்து வருபவை. அவற்றுக்காகப் பட்டணம் போவது வீண். அரிசி, சீனி, எண்ணெய்க்குக் கட்டிய விலை எங்கே எழுதி வைத்திருக்கிறார்களோ அங்கே வாங்குங்கள். விலையை எழுதி வைக்காத கடையைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

போவது எப்படி? காலைச் சந்தை கூடும்போது நாம் மரத்தடியில் நிற்கிறோம். பால் நிறுத்துவிட்டு வந்தால் சந்தை கலைந்திருக்கும். தோட்டத்துக்குப் பஸ்ஸும் இல்லை. கணக்குக்குச் சொல்கிறோம்: வண்டிக்கு 40 வெள்ளி, காய்கறியிலும் மீனிலும் மிச்சம் 15 வெள்ளி. ஒரு வீடு தனியே போனால் 25 வெள்ளி நஷ்டம். எட்டு வீடு சேர்ந்தால் வண்டிக்கு வீட்டுக்கு 5 வெள்ளி. கையில் 10 வெள்ளி நிற்கும். இது பெரிய தொகை அல்லதான். ஆனால் அந்தப் பத்தையும் மாதாமாதம் நோட்டுக் கடனுக்குக் கட்டினால், எந்த மாதமாவது ஒரு நாள் ரொக்கத்தோடு கடைவாசலில் நிற்கலாம். அன்றைக்குப் பாக்கெட் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்!

முழுக் கடனையும் ஒரே மாதத்தில் அடைக்க எவராலும் முடியாது. அரிசிக்கு மட்டும் கடன், காய்கறிக்கு ரொக்கம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதனால்தான் தனித்தனியே செய்ய வேண்டாம் என்கிறோம். எட்டு வீட்டின் மீதும் ஒரே நாளில் கோபித்துக்கொண்டால் அவர் யாருக்கு விற்பார்?

எங்கள் யோசனையைக் கேட்ட ஒரு தோழர், "சங்கம் காய்கறி வாங்கவா இருக்கிறது?" என்று கேட்டார். வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியது என்று சம்பளப் பேச்சு வார்த்தையில் நாங்கள் சொல்லும்போது, எதிரே இருப்பவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். உங்கள் நோட்டுகளே அந்த ஆதாரம். ஆகவே ஆறு மாத நோட்டுகளைக் கிழித்துப் போடாமல் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். பெயர் வெளியே போகாது.

சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி பேசியிருக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கோயில் முன்னால் நிற்கும். இதுவரை ஐந்து வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. இன்னும் மூன்று வேண்டும். பை கொண்டு வாருங்கள். மீன் வாங்குகிறவர்கள் ஐஸ் பெட்டியும் எடுத்து வந்தால் நல்லது. அந்த 555 நோட்டு அம்மாள் முதல் பெயராகத் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார்.