மாப்பிள்ளை வராத பந்தல்

நடுவர் அவர்களே! "டிரம்ப் மேடை ஏறாமலேயே ஜெயிச்சாரே, அப்புறம் விவாதம் எதுக்கு?"ன்னு எதிரணி நண்பர் கேட்டாரு.

2023 ஆகஸ்ட் 23, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஆசைப்பட்ட எட்டுப் பேர் மேடையில். முன்னணியில் இருந்த டிரம்ப் மட்டும் வரலை. மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்! 2024 ஜனவரி வரை ஐந்து விவாதம், எதற்கும் வரலை. ஜனவரி 15-ல், அயோவாவில் பாதிக்கு மேல் ஓட்டு அவருக்கே!

சரி, அவர் ஜெயிச்சாரு. தோத்தது யாரு? நான் சொல்றேன், ஓட்டுப் போட்ட ஜனங்க! கால் கிலோ கத்தரிக்காய்னாலும் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குறோம்? நாட்டையே ஒப்படைக்கிறப்போ, போட்டியாளர்களோட பக்கத்துல நிறுத்திப் பார்க்க வழியில்லாமப் போச்சே! ஜெயிக்கிறவரையும் கேள்வி கேட்கத்தான் விவாதம் வேணும்னு சொல்லி அமர்கிறேன்.